சென்ட்ரியில் இறங்காத கண்டக்டர்

பஸ் கண்டக்டர் வேலையில் காலுக்கும் கைக்கும் முன்னால் தேய்ந்து போவது வாய்தான். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கும், எங்களோடு மிச்சக் காசுக்குச் சண்டை பிடித்தவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. யுத்த காலத்தில் கண்டி - கலஹா தனியார் பஸ்ஸில் நான் கத்திய சிலவற்றை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

தமிழில் மட்டும்

கண்டியிலிருந்து போகும்போது பேராதனைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ராணுவச் சென்ட்ரி இருந்தது. பஸ்ஸை நிறுத்தி எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் அந்தப் பக்கம் ஏற வேண்டும். நீங்களும் எங்காவது அப்படி இறங்கி ஏறியிருப்பீர்கள். பிறகு சிங்களவர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்றாகிவிட்டது. ஆளாளாகப் பார்த்துப் பிரிக்க ராணுவக்காரர்களுக்கு நேரம் பிடித்தது. அதற்குள் பின்னால் வருகிற பஸ் முந்திப் போய் ஆட்களை அள்ளிவிடும். எங்கள் டிரைவர் சிங்களவர், நல்ல மனிதர்தான், ஆனால் பிந்தினால் என்னைத் திட்டித் தீர்த்துவிடுவார்.

அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சென்ட்ரிக்கு முந்திய வளைவிலேயே, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கத் தயாராகுங்கள் என்று கத்துவேன், தமிழில் மட்டும். விளங்கியவர்கள் எழுந்தார்கள், விளங்காதவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். பஸ் நிற்கும்போது பிரிக்கிற வேலை முடிந்திருந்தது. சென்ட்ரியில் இருந்த கோப்ரலுக்கு ஒரே சந்தோஷம். என் முதுகில் தட்டி அவர் சிங்களத்தில் சொன்னது அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது: "நீ பஸ்ஸில் இருக்க வேண்டிய ஆள் இல்லை, எங்களோடு இருக்க வேண்டிய ஆள்."

முதலாளியின் சந்தேகம்

மிளகு வாங்குவதற்காக வாரம் ஒருமுறை கலஹாவுக்குப் போகும் அக்குறணை முதலாளி ஒருவர் இருந்தார். முஸ்லிம். சென்ட்ரிக் கணக்கில் தமிழரும் இல்லை, சிங்களவரும் இல்லை, ஆனால் வீட்டிலும் கடையிலும் பேசுவது தமிழ்தான். நான் முதல்முறை கத்தியபோது பாதி எழுந்தார், உட்கார்ந்தார், திரும்பவும் எழுந்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, தான் இறங்குவதா இருப்பதா என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். இருங்க முதலாளி என்றேன். யார் இறங்குவது, யார் இருப்பது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை எனக்கு யார் கொடுத்தார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்த வாரம் அவர் படியில் கால் வைக்கும்போதே, முன் சீட்டில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி கேட்டார்: "மகன், இண்டைக்கி நான் எந்தப் பக்கம்?"

கம்பஸ் பிள்ளை

பேராதனை கம்பஸில் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று தினமும் எங்கள் பஸ்ஸில் வரும். ஒருநாள் நல்ல மழை. சேற்றில் நடந்து, புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்து ஏறியது. கெதியாக ஏறச் சொல்லி நான் அதட்டினேன். என் சட்டையில் ஒரு துளி ஈரமில்லை. பஸ்ஸில் வேலை செய்கிறவர்களை ராணுவக்காரர்கள் இறக்குவதில்லை, நான் எப்போதும் மிதிபலகையில் நின்றபடியே கடந்துவிடுவேன். பிள்ளை கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற குரலில்தான் கேட்டது: "அண்ணை, நீங்களும் தமிழ்தானே, நீங்கள் இறங்கிறேல்லையோ?"

ராசம்மா அக்காவின் ஓட்டு

ராசம்மா அக்கா கலஹாத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவர். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தார். சுதந்திரம் வந்த கையோடு, மற்றத் தோட்டத்துத் தமிழர்களைப் போல, அவருடைய அப்பாவின் பிரஜாவுரிமையையும் ஓட்டையும் பறித்துவிட்டார்கள். இவருக்கு அது கிடைக்கும்போது தலை நரைத்திருந்தது. முதல் ஓட்டைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் போடுவதற்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மத்தியானச் சமையலை முடித்துவிட்டுப் போகும்படி வீட்டில் சொன்னதால் பிந்திவிட்டது. நாலு மணிக்கு வாக்குச்சாவடியை மூடிவிடுவார்கள்.

வளைவு வந்தது, வழக்கம்போல் கத்தினேன், அவர் இறங்கினார். கலஹா விலாசம் உள்ளவள் கண்டிப் பக்கமிருந்து ஏன் வருகிறாள் என்று ஒரு ராணுவக்காரர் அவரை ஓரமாக நிறுத்தினார். அக்காவுக்குச் சிங்களம் சரியாக வராது, எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவர் எங்கள் பஸ்ஸில் எப்போதும் வருகிறவர், ஓட்டுப் போடப் போகிறார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அந்த நேரம் பின்னால் வருகிற பஸ் தெரிந்தது. நான் பெல் அடித்தேன். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. இன்னொருமுறை அடித்தேன். பிந்தினால் திட்டுகிற அதே மனிதர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அந்த அம்மா ஏற இல்ல நே."

சின்ன விரல்

அக்காவை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் போய்விட்டது; அந்திவரை வைத்திருந்துவிட்டுத்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள், அதற்குள் சாவடியை மூடிவிட்டார்கள். அடுத்த வாரம் அவர் ஏறியபோது என்ன சொல்வதென்று தெரியாமல், ஒரு ஓட்டில் என்ன இருக்கிறது, யார் வந்தாலும் நமக்கு ஒன்றுதான் என்று உளறினேன்.

நாங்கள் நோட்டுகளை நீளமாக மடித்து இடது கை விரல்களுக்கிடையில் செருகி வைத்திருப்போம். சின்ன விரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுப் போட்டவர்களுக்கு மை பூசுவதும் அதே விரலில்தான். அந்த வாரம் டிக்கெட்டுக்கு நீண்ட கைகளில் பாதியில் மை இருந்தது, என் விரலில் இல்லை. எனக்குப் பதினெட்டு வயதிலேயே ஓட்டு வந்துவிட்டது. சாவடியும் மஹய்யாவயில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே. தேர்தல் நாளில் ஆட்கள் அதிகம், ஒரு ட்ரிப் கூடுதலாகப் போகலாம் என்று எல்லா முறையும் வேலைக்குப் போய்விட்டேன். அவசரகாலச் சட்டத்தை நீடிக்க மாதாமாதம் பார்லிமென்டில் கை தூக்கியவர்களால்தான் அந்தச் சென்ட்ரி அங்கே நின்றது. யாரைப் பார்லிமென்டுக்கு அனுப்புவது என்று என்னையும் கேட்டிருந்தார்கள், நான் பதில் சொல்லப் போகவேயில்லை.

அக்கா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது: "வெரல்ல மை இல்லையே தம்பி, ஒங்களையும் எங்கயாச்சும் எறக்கி விட்டுட்டாங்களா?"

அடுத்த தேர்தலில் அக்கா ஓட்டுப் போட்டார், முதல் ட்ரிப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு நானும் போட்டேன். சென்ட்ரியையும் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அந்த வளைவு வந்தால் என் வாய் இன்னும் தானாகத் திறக்கிறது. வாய்தான் தேயும் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதில் பாதியை நான் அரசாங்கத்துக்காகத் தேய்த்திருக்கிறேன், அதுவும் அவர்கள் கேட்காமலே.