தானாகச் சுற்றிய ஹாண்டில்

ஜெர்மனியில் மார்க் போய் ஈரோக் காசு வந்த புதிதில், பிராங்பேர்ட்டுக்கு வெளியே பழைய கார்களைத் திருத்தும் ஒரு கராஜில் அப்பா தற்காலிக வேலையில் இருந்தார். வேலை நிரந்தரமானால்தான் விசா நீளும் என்று எட்டு வயதான எனக்கும் கேட்கும்படி அம்மா நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சோதனை ஒரு கிழட்டுக் காரின் உருவில் வந்தது. முன்னாலுள்ள ஹாண்டிலைக் கையால் சுற்றினால்தான் எஞ்சின் பிடிக்கும். காரின் சொந்தக்காரரான ஜெர்மன் கிழவருக்கு அது ஏலாது. ஆகவே அப்பா அதற்கொரு மின்சார ஸ்டார்ட்டர் மோட்டார் வடிவமைக்க வேண்டும். அம்மா சமைத்து முடித்ததும் குசினி மேசையில் மோட்டாரின் பல்லுச்சில்லுகளை வரைவார். அவர் பல் எண்ணும்போது நாங்கள் மூச்சுவிடக்கூடாது. துருவேறி எஞ்சினோடு ஒட்டி இறுகி, எஞ்சின் சுற்றினால் தானும் சுற்றும் ஹாண்டிலைக் கழற்ற மட்டும் கிழவர் விடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத அவருடைய அண்ணன் கடைசியாகப் பிடித்ததாம்.

ஓட்டிக்காட்டும் நாள் சனிக்கிழமை.

"இஞ்சாருங்கோ, புது மோட்டரெல்லே? மஞ்சள் தண்ணி தெளிச்சுப்போட்டுத் தொடங்குங்கோ," என்றார் அம்மா.

"ஜெர்மன்காரன்ர காருக்கோ? சும்மா இரும்," என்றார் அப்பா.

எனக்கு மனம் கேட்கவில்லை. போத்தல் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, நாவூறு படாமலிருக்க உப்பையும் அள்ளிப் போட்டுக்கொண்டு அப்பாவோடு போனேன். கிழவரை அழைத்துவர அப்பா வாசலுக்குப் போனதும், இன்னும் மூடி போடாத சுவிட்ச்சின் மேல் முழுப் போத்தலையும் கவிழ்த்தேன். தெளிப்பதென்றால் எவ்வளவென்று எனக்கு யார் சொன்னார்கள்?

அவர்கள் உள்ளே வந்தார்கள். காரில் ஒருவரும் இல்லை. 'கிர்ர்' என்றது. ஹாண்டில், யாரோ பிடித்திருப்பதுபோல, மெதுவாகச் சுற்றியது. நின்றது. மறுபடி ஒரு சுற்று. மஞ்சள் தண்ணீர் எனக்கே மறந்துபோனது. "ஐயோ முருகா!" என்று அப்பா பாய்ந்து பற்றரி வயரைப் பிடுங்கினார். கிழவர் அசையவில்லை. தொப்பியைக் கழற்றி, ஹாண்டிலுக்குப் பக்கத்தில் ஒருவருமில்லாத இடத்தைப் பார்த்து, மெல்ல ஒரு பெயரைச் சொன்னார்.

சுவிட்ச்சில் மஞ்சளைக் கண்ட அப்பா என்னை முறைத்தார். "தண்ணி பட்டாக் கரண்ட் பாயுமெல்லே! ஒருத்தரிட்டயும் வாயைத் திறக்கப்படாது, விளங்கிச்சோ?" சுவிட்ச்சைத் துடைத்துக் காயவைத்து மூடி போட்டார். கிழவரே முதலாளியிடம் போய் அப்பாவைப் புகழ்ந்தார். வேலை நிரந்தரமானது.

அதன்பிறகும் கிழவர் காரை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சனிக்கிழமைகளில் வந்து, ஹாண்டிலுக்கு எதிரே கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். மனுஷன் நன்றாகப் பயந்துவிட்டார் என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. ஒருநாள் கிட்டப் போய் ஜெர்மனில் ஆறுதல் சொன்னேன்.

"பயப்படாதீர்கள். அப்பா திருத்திவிட்டார். இனி ஒருநாளும் அது தானாகச் சுற்றாது."

அவர் என் தலையைத் தடவினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அவருடைய பயத்தைப் போக்கியது நான்தான் என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.