பகல் வலை, இரவு வலை

ஒரே மாதிரியான இரண்டு கடலுயிர் மாதிரிகளில் ஒன்றை அழிக்குமுன், அவற்றை இனம் பிரித்தவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர் மறுத்தால், நிர்வாகம் அதற்குப் பதில் அனுப்பும்வரை பாட்டிலில் கை வைக்கக்கூடாது. நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் சேமிப்பறை விதி இது. இனம் பிரித்தவன் நான். எனக்குச் செய்தி கிடைத்ததோ சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில், வடையைக் கடித்துக்கொண்டிருந்தபோது.

சொன்னவர் சேமிப்பறையை இப்போது கவனிக்கும் பெண். முன்பு என் பிரிவில் இருந்தவர். ஈசூனிலிருந்து காய்கறி வாங்க வந்திருந்தார்.

"அங்கிள், உங்க கடல்மலை பாட்டில் ஒண்ணு வெள்ளிக்கிழமை போவுது. டூப்ளிகேட்."

"யாரு சொன்னா?"

"சேம் பிளேஸ், சேம் டேட், சேம் டெப்த். கம்ப்யூட்டர் சொல்லுது லா."

"கம்ப்யூட்டர் கப்பல்ல போச்சா?"

"நீங்களும்தான் போகல. குமட்டும்னு லீவு போட்டீங்களே."

அது சரிதான். ஆனால் கடலுக்கடியில் எழும்பி, உச்சி நீருக்குள்ளேயே நின்றுவிட்ட அந்த மலையின் மேல் ஒரே நாளில் இரண்டு வலை இழுத்தார்கள். நண்பகலில் ஒன்று, இருட்டியபின் ஒன்று. எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். அரிசிக் குறுணையைவிடச் சிறிய, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான ஓட்டுயிர்கள் பல, பகலில் ஆழத்தில் கிடந்து இரவில் மேலே மேய வரும். விடிந்ததும் இறங்கப் பார்த்தால் சில கூட்டங்களை மலையுச்சி மறித்துக்கொள்ளும். அங்குள்ள மீன்களுக்கு அதுதான் பசியாறல்.

ஆகவே இரண்டு பாட்டிலிலும் இருப்பவர்கள் வேறு வேறு. செவ்வாய்க்கிழமை காலை சிராங்கூன் சாலையில் நிற்பவர்களை எண்ணிவிட்டு, ஞாயிறு மாலைக் கூட்டமும் இதுவே என்று யாரும் எழுதமாட்டார்கள். கணினியில் நேரத்துக்குக் கட்டம் வைக்காததால் எழுதிவிட்டார்கள். போகவிருந்தது இரவுப் பாட்டில். அந்த மலைக்குக் கப்பல் மறுபடி போகப்போவதில்லை.

அன்றே மறுப்பு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பாட்டில் அலமாரியிலேயே இருந்தது. வேலைக்காலம் முழுதும் தாமதமான பதில்களுக்கு நினைவூட்டல் எழுதியே தேய்ந்தவன், முதல்முறையாக நிர்வாகத்தின் சோம்பலை மனமார வாழ்த்தினேன். தோ பாயோ வீட்டில் மனைவி தினமும் கேட்டாள்: "பதில் வந்துச்சா?" "இல்லை" என்று மகிழ்ச்சியாகச் சொன்னேன்.

அந்த இடைவெளியில், தொண்டூழியர் என்ற அட்டையை மாட்டிக்கொண்டு பழைய ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தேன். இரவுப் பாட்டிலில் உடலைவிட நீண்ட உணர்கொம்பு உள்ளவை, முட்டைப் பையைச் சுமந்தவை, கண்ணே பெரிதாக இருந்தவை. பகல் பாட்டிலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வரைந்து அனுப்பினேன்.

இரண்டும் ஒன்றல்ல, இரண்டையும் வைத்துக்கொள்கிறோம் என்று இரண்டே வரியில் பதில் வந்தது, தீபாவளிக்கு மறுநாள்.