மழையும் அட்டென்ஷனும்

வெள்ளவத்தை வீட்டில் தன் காலுறையைக்கூடத் தேடி எடுக்கத் தெரியாத என் மகள், பாடசாலை மைதானத்தில் மாணவர் படையின் கெடற் சீருடையோடு அட்டென்ஷனில் நின்றாள். அன்று அணித் தலைவிக்கான தேர்வு. மழை கொட்டியதும் பெற்றோர் நாங்கள் கூடாரத்துக்குள் ஓடினோம்; பிள்ளைகள் அசையவில்லை. கட்டளை வராமல் அசையக் கூடாதாம். மனம் கேளாமல் குடையோடு ஓடிப்போய் அவள் தலைக்கு மேல் பிடித்தேன்.

“அப்பா, போங்கோ. மார்க் போடுறவர் பாக்கிறார்,” என்றாள், உதடு அசையாமல்.

“நனையிறாய், பிள்ளை.”

“நனைஞ்சா காயும். அசைஞ்சா நான் அவுட்.”

இமையில் வழிந்த நீரைக்கூட அவள் துடைக்கவில்லை. வங்கி வரிசையில் பத்து நிமிடம் நிற்க முடியாத நான் பெற்ற பிள்ளையா இது? திரும்பி வந்தேன். கூடாரத்துக்குள் போக வெட்கமாயிருந்தது. குடையை மடக்கி, தொந்தியை உள்ளிழுத்து, கட்டளை வரும்வரை வெளியிலேயே நின்றேன்.