நடுவில் ஒரு புத்து

பலேர்மோவில் ஒரு பேஸ்போல் அணி இருந்தது என்று சொன்னால் பலேர்மோக்காரர்களே நம்பமாட்டார்கள். இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், மூன்றாம் தர லீக்கில், பெரும்பாலும் தோற்றபடி இருந்தது. நகர ஓரத்தில், சியாகுல்லியின் மண்டரின் தோடம்பழத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் அதன் ஸ்டேடியம். ஒரு பக்கம் மட்டும் சில கொங்கிறீற் படிகள், மற்றப் பக்கங்களில் கம்பிவலை. படிகளில் ஆட்டக்காரரின் தாய்மார் உட்காருவார்களாம். தாய்மாரும் வராத நாளில் எதிரணியின் பஸ் சாரதி உட்காருவாராம்.

கிளப்பின் தலைவர் பல் வைத்தியர். லிபெர்த்தா வீதியில் அவருடைய தாயாரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஊரில் நான் பட்டதாரி. இங்கே மாத்திரையைச் சரிபாதியாக உடைப்பதில் நிபுணன். மைதானத்தைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்று தலைவர் சொன்னதும், என்னோடு அறையில் இருந்த அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணை கூடப்பிறந்தவர் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் கிரிக்கெட் மைதானத்தை நெடுங்காலம் பார்த்தவர். முந்தின ஐப்பசியில், இராணுவம் நெருங்கியதும், யாழ்ப்பாணமே வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தபோது அவருடைய மனைவியும் மகளும் வன்னிக்குப் போய், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வேறு குடும்பங்களோடு இருந்தார்கள். அவர்களை இத்தாலிக்கு எடுக்க இவருக்கு முதலில் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, வேண்டும். அந்த வருடம் அரசாங்கம் கதவைச் சற்றுத் திறந்துவைத்திருந்தது: வேலை ஒப்பந்தம் காட்டுகிறவனுக்கு அந்த அனுமதி. பங்குனி முடியக் கதவும் மூடிவிடும். பங்குனியில் கடைசிக்கு முந்தின ஞாயிறு எங்கள் மைதானத்தில் முதல் ஆட்டம். அது ஒழுங்காக நடந்தால் மறுநாள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதாகத் தலைவர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை வரை அண்ணை புல் வெட்டினார், கல் பொறுக்கினார், கம்பிவலையின் ஓட்டைகளைத் தைத்தார். சனிக்கிழமை என்னை உதவிக்குக் கூப்பிட்டு நடுமைதானத்தைக் காட்டினார்.

"தம்பி, உதென்ன நடுவிலை புத்து மாதிரி?"

ஒரு சாண் உயரத்துக்கு மண் மேடு. உச்சியில் ஒரு வெள்ளை றப்பர் பலகை புதைந்திருந்தது.

எங்கள் ஊரில் ஆடுகளத்தின்மேல் கயிற்றுப் பாய் விரித்துத்தான் கிரிக்கெட். பாயின் கீழே புளியங்கொட்டை அளவு கல் கிடந்தாலும் பந்து எகிறித் துடுப்பாட்டக்காரனின் பல்லைக் கொண்டுபோகும். அப்படிப்பட்ட நிலத்தில் வேலை பழகிய மனிதருக்கு இந்த மேடு எப்படித் தெரிந்திருக்கும்? இரண்டு பேரும் ஒரு பேஸ்போல் ஆட்டத்தையும் பார்த்ததில்லை. வெட்டிவிடலாமா என்று, படித்தவன் என்பதால், என்னைக் கேட்டார். பேஸ்போல் வரும் அமெரிக்க நாவல் ஒன்றைப் படித்திருந்தேன். அதில் எல்லோரும் மனக்கவலையோடு இருந்தார்கள், மேட்டைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நாவலை நம்பித் தலையாட்டினேன்.

கம்பிவலையோரம் ஒரு துருப்பிடித்த றோலர் கிடந்தது. மேட்டை வெட்டிப் பரவி, தண்ணீர் தெளித்து, இருவரும் மாடுகளைப்போல இழுத்தோம். அண்ணை குப்புறப் படுத்து, கன்னத்தை நிலத்தில் வைத்து மட்டம் பார்த்தார். வெள்ளைப் பலகையைக் கழுவித் துடைத்து உடைமாற்றும் அறையில் வைத்தார். இனி இந்த நிலத்தில் தேசிய அணியே ஆடலாம் என்றார். ஆடலாம்தான். இலங்கையின் அணி.

ஞாயிறு காலை கட்டானியாவிலிருந்து எதிரணி வந்தது. நடுவர் அளவுநாடாவோடு இறங்கி, நடுமைதானத்தில் தொலைந்த சாவியைத் தேடுகிறவர் போல முன்னும் பின்னும் நடந்தார். எங்கள் அணியின் பந்து எறிபவன், இருபது வயதிருக்கும், வழக்கமான இடத்துக்கு வந்து காலால் தடவிப் பார்த்தான். அவன் ஏறி நின்று எறியவேண்டிய மேடு அதுதான் என்பதை அவன் முகத்திலிருந்துதான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

நடுவர் ஒரு மணிநேரம் தந்தார். மண்வெட்டி, வாளி, சமையல் சட்டி, அகப்பட்டதிலெல்லாம் மண் அள்ளினோம். கட்டானியாக்காரர்களும் இரங்கி வந்து அள்ளினார்கள். அண்ணை வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்கினார். ஆனால் ஈர மண் இறுக நாள் வேண்டும். பையன் ஏறி, பயிற்சிக்கு ஒரு பந்து எறிந்தான். மண் சரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். படியில் இருந்த அவனுடைய தாய் இறங்கி அவர்களுக்குப் பின்னால் ஓடினார். நடுவர் ஆட்டத்தைக் கட்டானியாவுக்குக் கொடுத்துவிட்டார்.

தலைவர் சத்தம் போட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அவர் என்னை ஓரமாக அழைத்து, உங்கள் நாட்டில் மேடு கிடையாதா என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, அந்தப் பையனின் தாயின் முகத்தைப் பார்த்தபின் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கத் தன்னால் முடியாது என்றார். அதை அண்ணைக்கு மொழிபெயர்ப்பதும் என் வேலையாயிற்று. நான் பாதி சொல்லும்போதே, விளங்குது என்றார்.

அன்று பின்னேரம் அண்ணையின் மனைவி தொலைபேசியில் கதைப்பதாக முன்பே ஏற்பாடு. அதற்காகவே வன்னியை விட்டு வெளியே வரப் பாஸ் எடுத்து மகளோடு வவுனியாவுக்கு வந்திருந்தார். கால் கழுவாமல் அண்ணை றிசீவரை எடுத்தார்.

"ஓம்... ஓம், சுகம். இல்லை, அது இன்னும் சரிவரேல்லை. கொஞ்சம் பொறுமன்." அந்தப் பக்கம் என்னவோ சொன்னது. "பிள்ளையிட்டைக் குடும்."

மகளிடம் குரலை மாற்றினார். "அது அம்மாச்சி, இஞ்சை ஒரு விளையாட்டு. ஒருத்தன் மேட்டிலை ஏறி நிண்டு பந்தை எறிவான். அந்த மேட்டை அப்பா புத்தெண்டு நினைச்சு வெட்டிப்போட்டன்."

பிள்ளை சிரித்த சத்தம் அறைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது. அவரும் சிரித்தார். அம்மாவிட்டைக் குடு என்று அவர் சொல்லி முடிக்குமுன் லைன் அறுந்துவிட்டது.

றிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவள் சிரிச்சிட்டாள்," என்றார். பிறகு, "பெர்மெஸ்ஸோ குடுக்கிறது பங்குனியோடை முடியுது எண்டு அவளின்ரை தாய்க்கு நான் இன்னும் சொல்லேல்லை."