கண்டக்டர் ரைட்டும் பாப்பாவின் வாய்ப்புண்ணும்

என் பஸ்ஸில் கண்டக்டராக வருகிறவனை டிப்போவில் எல்லோரும் ‘ரைட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிட்டாயா என்றால் ரைட்டு, லீவு கிடையாது என்றால் ரைட்டு. கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறவர் கொஞ்சம் சிரிங்க என்றதற்கும் ரைட்டு என்றானாம். அவன் சம்சாரம் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள். நான் டிரைவர். அவன் மாடியில் குடியிருக்கிறான், நான் கீழே. ஆக வேலையில் அவன் என் முதுகுக்குப் பின்னால், வீட்டில் என் தலைக்கு மேலே. என் தலையெழுத்து அப்படி.

ஆனால் விசில் விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. சில கண்டக்டர்கள் ஊதுவார்கள் பாருங்கள், பிரேக்கை மிதிப்பதா, கிளம்புவதா என்று நமக்கே குழம்பிவிடும். இவன் ஊதினால் சுத்தமாக இருக்கும். ஒன்று என்றால் நிறுத்த வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். சிவப்புக் கயிறு கட்டிய எவர்சில்வர் விசில் எப்போதும் அவன் சட்டைப் பையில் கிடக்கும்.

அவனுக்கு ஒரே பெண் குழந்தை, இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறது. பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள், எங்களுக்குப் பாப்பாதான். சாயங்காலம் அப்பன் வீட்டுக்குள் கால் வைத்ததும் மடியில் ஏறிக் கயிற்றைப் பிடித்து இழுத்து, விசிலை வாயில் வைத்துக்கொள்ளும். முதலில் எச்சில் வரும், அப்புறம்தான் சத்தம் வரும். ஒரு தடவை ஊதினால் கீழேயிருந்து நான் “நிறுத்தியாச்சு!” என்று கத்த வேண்டும். இரண்டு ஊதினால் “டுர்ர்ர்” என்று இஞ்சின் சத்தம் கொடுக்க வேண்டும். நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தும் பஸ் ஓட்டுகிற மடையன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இடையில் ஒரு வாரம் ரைட்டுக்குக் காய்ச்சலடித்து, உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியது. சம்சாரம் துணிக்கடையில் வேலை பார்க்கிறவள், விவரமானவள். “இது ஆறுற வரைக்கும் பாப்பாகிட்ட மூஞ்சியக் கொண்டுபோனீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு” என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அவனுக்குத் தனித் தம்ளர், தனித் துண்டு. வீட்டில் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு திருடன் மாதிரித் திரிந்தான். முத்தம் கொடுக்க முடியாத ஏக்கத்தில் பாப்பாவின் பாதத்தை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக்கொள்வான். பார்க்கவே பாவமாக இருக்கும்.

அவன் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தபோது பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. பல் முளைக்கிறது என்றார்கள். மறுநாள் பார்த்தால் நாக்கு, ஈறு, உதட்டின் உள்பக்கம் எல்லாம் புண். மருந்துக்கடைக்காரர் ஒரு பசையைக் கொடுத்தார். விரலில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனாலே பாப்பா வீல் என்று அலறியது. எச்சில் ஒழுகி ஒழுகித் தாடையெல்லாம் சிவந்துபோயிற்று.

ரைட்டு யோசித்தான். யோசிக்கத் தெரியாதவன் யோசித்தால் என்ன ஆகும்? பகலில் பாப்பா இருக்கிற காப்பகத்தில்தான் சுடச்சுடக் கஞ்சி கொடுத்து வாயை வேகவைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டான். என்னையும் இழுத்துக்கொண்டு நேராகப் போய், பிள்ளைகளை விட வந்த தாய்மார்கள் அத்தனை பேர் முன்னாலும், ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற அதே தொண்டையில் கத்தினான். காப்பகத்து அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“என் கையில ஊத்திப் பாத்துட்டுத்தான் குடுப்பேன் தம்பி. என் பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி.”

“உங்க பிள்ளைக்குக் குடுத்து வாயை வேகவைங்க!” என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு மறுநாள் காலை டூட்டி முடித்து நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே சம்சாரம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நின்றாள்.

“அண்ணே, காலையிலேருந்து ஒரு சொட்டு உள்ள எறங்கல. டயப்பர் காஞ்சே கெடக்கு. அழுவுறா, ஆனா கண்ணுல தண்ணியே வரலண்ணே.”

பாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணெல்லாம் உள்ளே போய், தலை அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தது. பெரியப்பா என்று சொல்ல வராமல் “பெப்பா” என்று என்னைக் கூப்பிடுகிற வாய் கூப்பிடவில்லை. ரைட்டு யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. வாடகை வண்டி பிடித்து மெயின் ரோட்டு டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

டாக்டரம்மா முதலில் வாயைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். அப்புறம்தான் டார்ச்சை அடித்தார். பாப்பா அலறியதில் என் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கஞ்சி சூடுதான் டாக்டர். காப்பகத்துல...” என்று ரைட்டு ஆரம்பித்தான்.

“வெந்த புண் இப்படி இருக்காதுங்க. ஈறு பூரா வீங்கி ரத்தம் கசியுது பாருங்க, காய்ச்சலும் இருக்கு. கை காலுல பொரிப்பொரியா எதுவும் இல்ல, அதனால காப்பகத்துப் பிள்ளைங்களுக்கு வழக்கமா வர்ற வாய்ப்புண்ணாவும் தெரியல. இது வேற வைரஸ். உதட்டுக் கொப்புளம் வருதில்ல, அதே வைரஸ்தான். பெரியவங்களுக்கு உதட்டோரத்தோட போயிடும், சின்னக் குழந்தைக்கு முதல்தடவை வந்தா வாய் பூராவும் புண்ணாக்கிப் போட்டுரும். வீட்டுல யாருக்காவது கொப்புளம் வந்துச்சா?”

ரைட்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைத் தூக்கினான். “எனக்கு. ஆனா முத்தமே குடுக்கல டாக்டர். சத்தியமா குடுக்கல.”

“குடுக்கல டாக்டர், நான் விடவே இல்ல” என்றாள் சம்சாரம். “தம்ளரு, தட்டு, துண்டு எல்லாமே தனி.”

“அப்போ ஸ்பூன்? அவர் எச்சில் பட்ட வேற எதாவது?”

இல்லை, இல்லை என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தலையாட்டினார்கள். டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ரைட்டு என் பக்கம் திரும்பி, “பாத்தீங்களாண்ணே, அப்ப காப்பகத்துல எவனுக்கோதான் இருந்திருக்கு” என்றான்.

அப்போதுதான் பாப்பா அசைந்தது. அப்பன் மடியில் சோர்ந்து கிடந்த குழந்தை, பழக்க தோஷத்தில் கையைத் தூக்கி அவன் சட்டைப் பையில் தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்தது. விசில் வெளியே வந்தது. வாயில் வைத்தது. புண்ணில் பட்டதும் அப்படியே சுருண்டு அழுதது. கண்ணீர் இல்லாத அழுகை.

டாக்டரம்மா கையை நீட்டினார். “இது யாரோடது?”

“என்னுது டாக்டர்” என்றான். “டூட்டி விசில்.”

“கொப்புளம் இருந்தப்பவும் ஊதுனீங்களா?”

“ஊதாம எப்படி டாக்டர்? பஸ் ஓடணுமே.”

“பாப்பா?”

“தெனமும் சாயங்காலம்.”

அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்த வாரமெல்லாம் கீழே உட்கார்ந்து டுர்ர் என்று கத்திக்கொண்டிருந்தவன் நான்தானே. தம்ளரைக் கழுவினோம், தட்டைக் கழுவினோம். விசிலை எவனாவது கழுவுவானா?

“நூத்துக்கு நூறு இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வேற எதைத் தேடுறது?” என்றார் டாக்டரம்மா. “அழாதீங்க, அதுக்கு இப்ப நேரமில்ல. காய்ச்சல் வந்து அதிக நாள் ஆகல, அதனால இதுக்குன்னு இருக்கிற மருந்து கேக்கும். வெறும் பசையைத் தடவிட்டு உக்காந்திருந்தா அந்த வாய்ப்பும் போயிருக்கும். வலி குறையவும் மருந்து தர்றேன். ஆனா தண்ணி உள்ள போயே ஆகணும். சாயங்காலத்துக்குள்ள சிறுநீர் போகலன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேத்து ட்ரிப் ஏத்தணும்.”

வெளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஈரமானால் உடனே தெரியட்டும் என்று சம்சாரம் டயப்பரைக் கழற்றிவிட்டு அவன் மடியில் போட்டாள். ஊசியில்லாத சிரிஞ்சில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர். பாப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டது. கெஞ்சினோம், கொஞ்சினோம், அசையவில்லை. உள்ளே போன கொஞ்சமும் எச்சிலோடு வெளியே வந்தது.

ரைட்டு திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். “தண்ணி ஏறுது, தண்ணி ஏறுது! வழியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க!” கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்து, “ரைட்... ரைட்...” என்றான். கண்ணில் நீர் கோத்திருந்தது.

வெட்கமாவது மண்ணாவது. “டுர்ர்ர்” என்றேன்.

பாப்பாவின் கண் என் பக்கம் வந்தது. வாய் ஒரு கீற்று திறந்தது. சம்சாரம் சிரிஞ்சை அழுத்தினாள். முகத்தைச் சுளித்தது, சிணுங்கியது, விழுங்கியது. மறுபடி ரைட், மறுபடி டுர்ர். ஓரோர் சமயம் துப்பியது, ஓரோர் சமயம் இறங்கியது. வலி மருந்து வேலை செய்யச் செய்ய இறங்கியதுதான் அதிகம். ஆனால் மடி காய்ந்தே கிடந்தது. கூடத்தில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். என் தொண்டை கட்டிப்போயிற்று. நர்ஸ் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஜன்னலில் வெயில் சாயச் சாய நான் அதையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ரைட்டு ஜன்னல் பக்கமே பார்க்கவில்லை.

“அண்ணே” என்றான் திடீரென்று. மெதுவாகத்தான் சொன்னான். “தொடை சூடா இருக்குண்ணே.”

குனிந்து பார்த்தோம். யூனிஃபார்ம் பேன்ட்டில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. சம்சாரம் “நனைச்சிட்டா! நனைச்சிட்டா!” என்று கத்தினாள். டாக்டரம்மாவே எழுந்து வெளியே வந்துவிட்டார். இதே மாதிரி குடிக்க வைத்தால் போதும், வீட்டுக்கே கூட்டிப்போகலாம் என்றார். புண் ஆறும்வரை மற்றப் பிள்ளைகளோடு விடக் கூடாது, காப்பகத்திலும் சொல்லிவிடுங்கள் என்றார்.

சம்சாரத்தையும் பாப்பாவையும் வண்டியில் வீட்டுக்கு அனுப்பினோம். “நீயும் போய் பேன்ட்டை மாத்திட்டு வாடா, நாறுது” என்றேன்.

“இருக்கட்டும்ணே. மொதல்ல காப்பகம்.”

பிள்ளைகளைக் கூட்டிப்போகிற நேரம், அதே தாய்மார்கள் வாசலில் நின்றார்கள். முந்தின நாள் கத்தின அதே இடத்தில் போய் நின்றுகொண்டு, அதே தொண்டையில் சொன்னான்: “அக்கா, கஞ்சி இல்ல. என் விசிலு. என் எச்சிலு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாரும் கேட்டுக்குங்க.”

காப்பகத்து அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பேன்ட்டில் இருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே கிட்டே வந்தார்.

“பாப்பா ஒண்ணுக்குப் போயிட்டாளா?” என்றார்.

எதைக் கேட்டாலும் ரைட்டு என்கிறவன் வாயைத் திறந்தான். ஒரு சத்தமும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் நின்று அழுதான்.