நாலு கியர் பின்னால், ஒரு கியர் முன்னால்

எங்கள் லாரிக்குக் கல்லாறு வரைக்கும்தான் மூச்சு. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, நெடுமங்காடு, விதுரை என்று இருமி இருமி வந்து, ஆற்றங்கரையில் நின்றுவிடும். அதற்கு மேலே பொன்முடி மலை. மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக என் மனைவி.

மூட்டைகள் லாரியிலிருந்து தோட்டத்து மாட்டு வண்டிகளுக்கு மாறுகிற நேரம்தான் எங்களுக்கு உண்டான நேரம். அவள் குறுக்குப் பாதையில் இறங்கி வந்திருப்பாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அட்டை கடித்த கணுக்காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பேசுவாள். வாரத்துக்கு ஒரு தடவை, அந்தப் பெஞ்சில்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். கடைசி மூட்டை ஏறியதும் வண்டிக்காரன் சத்தம் கொடுப்பான். அவள் மேலே போவாள், நான் கீழே வருவேன். ஆறு மட்டும் எங்கள் இருவரையும் கேட்டுக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

ஊருக்கு வந்துவிடு, வலியசாலைக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்திருக்கிறேன் என்று நான் சொல்லாத வாரம் இல்லை. ஒரு தடவை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஒங்க லாரி என் வாசலுக்கு வரட்டும். வந்தா அதுலயே ஏறி ஒங்க கூட வந்திருதேன். சத்தியமாட்டு."

லாரி வராது என்கிற தைரியத்தில் சொன்னாளா, வந்துவிடாதா என்கிற ஆசையில் சொன்னாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை. திரும்பும் வழியெல்லாம் எஞ்சினைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

லாரியின் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து அரிசி வியாபாரி. கடைத்தெருவே அண்ணாச்சி என்று கூப்பிடும். யுத்தம் முடிந்து பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்ட சமயம் அது. எங்கேயோ உருண்டு, முகம் நசுங்கி, எஞ்சின் மட்டும் சேதமில்லாமல் பிழைத்த ஒரு வண்டி ஏலத்துக்கு வந்தது. மாட்டு வண்டிக் கூலி மிச்சமாகும், தோட்டத்து வாசலிலேயே மூட்டை இறக்கலாம் என்று சொல்லிச் சொல்லி அண்ணாச்சியை அதை எடுக்க வைத்தேன். என் கணக்கு வேறு என்பது அவருக்கும் தெரியும். "மூட்டையா இறக்கப் போறேரு? பெண்டாட்டிய ஏத்தல்லா போறேரு" என்றார்.

கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு அயனி மரத்தடிதான் பட்டறை. மரக்கிளையில் சங்கிலி கட்டிப் பழைய எஞ்சினைத் தூக்கினார்கள். அது காற்றில் தொங்கிச் சுற்றியபோது எவ்வளவு சின்னதாக இருந்தது. இத்தனை நாளாக இதையா அந்த மலைமேல் ஏறச் சொன்னேன் என்று பாவமாக இருந்தது. பட்டாளத்து எஞ்சின் ஒன்றரை மடங்கு நீளம். அதற்கு இடம் பண்ண ரேடியேட்டரை முன்னால் தள்ளினார்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி எஞ்சின் மூடியோடு ஒட்டு போட்டார்கள். லாரிக்கு எருமை முகம் வந்தது. நாலு கியருள்ள பெட்டி உட்கார என் காலடிப் பலகையை அறுத்தார்கள். பின் அச்சுக்குப் போகிற நீளத் தண்டைக் குறுக்கி ஒட்டினார்கள். பழைய பின் அச்சு இந்த எஞ்சினின் முறுக்கைத் தாங்காது, பல் உதிர்ந்துவிடும் என்பதால் பட்டாளத்து அச்சையும் மாட்ட வேண்டியிருந்தது.

அங்கேதான் சங்கடம். அந்த அச்சில் ஸ்பிரிங் பட்டை உட்காரும் மேடை கீழ்ப்பக்கம் இருந்தது. எங்கள் லாரிக்கு அது மேல்பக்கம் வேண்டும். மேஸ்திரி நெய்யாற்றின்கரைக்காரர், எதற்கும் மலைக்காதவர். அச்சை அப்படியே தலைகீழாகப் புரட்டினார். மேடை மேலே வந்தது. பட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. "கண்டோ, இதுக்காகத்தன்னெ செஞ்சதுபோல இருக்கு" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு எல்லோரையும்விட.

வெள்ளிக்கிழமை காலை கடை வாசலில் பூஜை. நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் கிறிஸ்தவ வேதக்காரன். "ஒம்ம ஆண்டவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வையும்வே" என்றார் அண்ணாச்சி. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சொல்லிவைத்தேன். தேங்காய் உடைந்தது. முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டேன்.

லாரி பின்னால் போனது.

கியரைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று கூட்டம் சிரித்தது. இரண்டாவது கியரைப் போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போய், வாழைக்குலைக் கடையின் பந்தல் காலைச் சாய்த்தது. மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் அப்போதுதான் அந்த அச்சைப் புரட்டிக்கொண்டிருந்தது. தலைகீழாக்கியபோது உள்ளேயிருந்த பெரிய பல்சக்கரம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது. சக்கரங்கள் எதிர்ப்பக்கம் சுற்றின. பின்னால் போகிற கியரைப் போட்டால்தான் வண்டி முன்னால் வந்தது. அது போட்ட ஓலத்தில் கடைத்தெருவே காதைப் பொத்திக்கொண்டது. அந்த ஓலத்தோடு ஊர்ந்து வந்து எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக நசுக்கியது.

நாலு கியர் பின்னால், ஒரு கியர் முன்னால். அச்சை மறுபடி இறக்கி, மேடைகளை வெட்டி ஒட்டத் தவணை கேட்டார் மேஸ்திரி. சகுனமே சரியில்லை, வண்டிக்கு மலையேற மனசில்லை என்றார் அண்ணாச்சி. நான் கேட்கவில்லை. எந்த வண்டியிலும் பின்னால் போகிற கியருக்குத்தான் வேகம் குறைவு, இழுவை அதிகம். மலைக்கு அது போதும் என்றேன்.

"மலைக்குச் சரி. மலை வரைக்கும்? மாட்டு வண்டிக்காரன் மணியடிச்சு ஒம்மகிட்ட வழி கேப்பாம்வே."

கேட்டான். மறுநாள் இருட்டு விலகும்போது புறப்பட்டவன் நெடுமங்காடு தாண்டுவதற்குள் மூன்று மாட்டு வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டேன். சைக்கிள்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துப் போனார்கள். விதுரையில் ஒருத்தர் லாரிக்கு வயிற்றுவலியா என்று கேட்டார்.  ஓடை கண்ட இடமெல்லாம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். பொழுது சாய்கிற நேரத்தில் கல்லாறு வந்தது. அந்தப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. நிற்காமல் அதைத் தாண்டினேன்.

அதற்கு மேல் நான் பார்த்ததெல்லாம் புதுசு. அவள் சொல்லிச் சொல்லிக் கேட்டிருந்த வளைவுகள், அவள் சொல்லாத ஒரு வெள்ளருவி, ஈரப் பாறை, திடீரென்று குளிர். லாரி ஓலமிட்டுக்கொண்டே ஏறியது. ஒரு இடத்தில்கூட திணறவில்லை. மலை முழுக்க அதன் சத்தம் போய் முட்டித் திரும்பியது. இத்தனை நாளும் நான் வாயால் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை அந்த எஞ்சின் ஊரறியக் கத்திக்கொண்டு போவதுபோல இருந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் நின்றாள். என்ன மிருகம் வருகிறதென்று பார்க்க தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பெண்களெல்லாம் கூட வந்து நின்றார்கள். ஒரே கியரில் வந்த கதையைச் சொன்னதும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும். பிறகு உள்ளே போனாள். நானும் போனேன். அவள் அறையை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜன்னலில் ஒரு ரோஜாத் தொட்டி. யாரோ பின்னிக் கொடுத்த கம்பளிக் குல்லாய்கள், குழந்தைகளுக்கு அளவானவை, கொடியில் வரிசையாக. சுவரில் என்னுடைய போட்டோ. அந்த அறையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அவள் தகரப் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். ஒரு கைப்பிடியை அவளும் ஒரு கைப்பிடியை நானும் பிடித்து லாரியில் ஏற்றினோம். சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் லயத்திலிருந்து ஆள் வந்தது. யாருக்கோ வலி கண்டிருக்கிறது, பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது என்றார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். நான் அவள் கட்டிலில் தனியாகப் படுத்தேன். தலையணையில் டிங்சர் வாசனை அடித்தது.

காலையில் வந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள் என்று கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். ராத்திரி முழுக்க விழித்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அந்த முகத்தைக் கல்லாற்றுப் பெஞ்சில் நான் ஒரு நாளும் கண்டதில்லை. லாரிக்குப் பக்கத்தில் வந்து நின்று, பெட்டியின் மேல் கை வைத்தாள்.

"பெட்டி போவட்டும். வேற நர்ஸ் ஒண்ணு வந்த ஒடனே நானும் வந்திருதேன். கேட்டியளா?"

கேட்டேன். பெட்டியோடு மலையிறங்கினேன்.

அடுத்த வாரத்துக்குள் மேஸ்திரி அச்சைச் சரியாக்கிவிட்டார். லாரி நாலு கியரிலும் முன்னால் போனது. வாரம் தவறாமல் தோட்டத்து வாசலில் மூட்டை இறக்கினேன். என்னைப் பார்க்க இனி அவள் மலையிறங்க வேண்டியதில்லை. அந்த மட்டில் அந்த எஞ்சின் எனக்கு நல்லதுதான் செய்தது. மழை பிடித்ததும் பெட்டியிலிருக்கிற கம்பளியை மட்டும் கொண்டு வரச் சொன்னாள். அப்புறம் கத்தரிக்கோல். அப்புறம் பாட்டுப் புத்தகம், கோயிலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க. பிறகு வெள்ளைச் சேலைகள், இரண்டிரண்டாக. ஒவ்வொன்றையும் வலியசாலை வீட்டில் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாமல் எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவேன். வேறு நர்ஸ் வரவில்லை. வருமா என்று நான் கேட்பதும் ஒரு கட்டத்தில் நின்றுபோனது.

கடைசியில், இங்கே ஈரத்தில் துணியெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது, அந்தப் பெட்டியையே கொண்டுவந்துவிடுங்கள் என்றாள். அரிசி மூட்டைகளுக்கு மேலே அதைக் கயிறு போட்டுக் கட்டினேன். கல்லாறு தாண்டி முதல் வளைவில் லாரி கொஞ்சமாவது திணறும் என்று பார்த்தேன். திணறவில்லை.