பள்ளத்து மனையும் பாதாளச் சாக்கடையும்

எங்கள் தெரு மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடியும். முடிகிற இடத்தில் என் வீடு. திண்டிவனத்தில் நாங்கள் மனை தேடிய காலத்தில் மேட்டு மனைகளை எங்களுக்குக் காட்டவே இல்லை. நாங்கள் காலனியில் பிறந்தவர்கள். என் வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கினார், அதே மண்டியில் நான் கடலை புடைத்தேன். இரண்டு பேர் உழைப்பில் வாங்கிய மனை இது. பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது. கைநாட்டு இல்லை, கையெழுத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான் நான், ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பெண், விழுப்புரத்தில் வாழ்கிறாள், வேலைக்கும் போகிறாள். நினைத்தபோது வர அவளால் முடியாது. தெருவில் எல்லாரும் நல்லவர்கள்தான், சண்டை சச்சரவு கிடையாது. பேச்சும் கிடையாது. கோலம் போடும்போது தலை நிமிர்ந்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். தெருவில் உள்ளவர்கள் என் வீட்டுக்கு வரமாட்டார்கள், ஆனால் அவர்கள் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் தவறாமல் வந்து என் வாசலில் நிற்கும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். செப்டிக் டேங்க் நிறைந்து, கக்கூஸில் ஊற்றுகிற தண்ணீர் இறங்காமல் மேலே வரும். அந்த நாட்களில் நான் பஸ் ஸ்டாண்டில் இருக்கிற கட்டணக் கழிப்பிடத்துக்குப் போவேன். வாசலில் உட்கார்ந்திருக்கிற ஆள் என்னை ஊருக்குப் போகிறவள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று, கையில் ஒரு பையில் புடவை மடித்து வைத்து எடுத்துப் போவேன். இதைப் பெண்ணிடம்கூடச் சொன்னதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் நகராட்சியிலிருந்து தெருவில் லெவல் பார்க்க வந்தார்கள். மூன்று கால் வைத்த பெட்டிக் கண்ணாடி ஒன்று, கோடு போட்ட உயரமான கட்டை ஒன்று. பார்த்தவள் ஒரு பெண் இன்ஜினியர், என் பெண்ணைவிடச் சின்னவள். மேட்டிலிருந்து வீடு வீடாக அளந்துகொண்டு வந்து என் வாசலில் நின்றாள். பக்கத்தில் இருந்த நகராட்சியின் காலி இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முந்தின நாள்தான் மழை விட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எல்லாம் சேறு அவளுக்கு. கிட்டே வந்து, மெதுவாக, பாத்ரூம் போகலாமா அம்மா என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்கு வந்த பெண்பிள்ளை கேட்டது அது ஒன்றுதான். டேங்க் நிறைந்திருக்கிறது என்றேன். அவள் ஒன்றும் முகம் சுளிக்கவில்லை, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், படியில் உட்கார்ந்தாள். ஆனால் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உட்கார்ந்தபடியே விவரம் சொன்னாள். பாதாளச் சாக்கடை வரப்போகிறது. எல்லா வீட்டுக் கழிவுத் தண்ணீரும் குழாயில் தானாக ஓடி ஒரு பெரிய கிணற்றில் விழும். அங்கிருந்து மோட்டார் வைத்து ஊருக்கு வெளியே சுத்தம் பண்ணுகிற இடத்துக்குத் தள்ளுவார்கள். கிணறு எங்கே என்றேன்.

"தண்ணி எங்க வந்து நிக்குதோ அங்கதாம்மா வெட்டணும். இந்த எடந்தான். ஒங்க சுவரு ஓரம்."

தெருக்காரர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கிணற்றை இந்தத் தெருவை விட்டுக் கொஞ்சம் மேடான வேறு இடத்துக்கு மாற்றுவோம், அப்போது உங்கள் வீடு ஒன்று மட்டும் லைனில் சேராது, பள்ளத்திலிருந்து தண்ணீர் ஏறாது இல்லையா என்றாள். கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பார்கள், ஒட்டின வீடு உங்களுடையது என்பதால் உங்கள் பேச்சைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தப் பேச்சு எப்படித்தான் மேட்டுக்கு ஏறியதோ, மறுநாளே என் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். முன்னால் ரிடையர்டு வாத்தியார், பின்னால் எதிர் வீட்டு அம்மா, இன்னும் நாலைந்து பேர். இத்தனை வருஷத்தில் என் கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாய் பத்தவில்லை.

வாத்தியார் நாற்றத்தைப் பற்றிச் சொன்னார், கொசுவைப் பற்றிச் சொன்னார். எதிர் வீட்டு அம்மா தன் பெண்ணைப் பற்றிச் சொன்னாள்.

"பொண்ணு பாக்க வர்றவன் தெருமொனையிலயே மூக்க மூடிக்கினு திரும்பிப் போயிடுவான் பெரிம்மா. அப்புறம் எங்க பேஜாரு யாருக்குத் தெரியும்?"

அதுவரை நான் அவளுக்கு ஆயா. அதுவும் பால்காரரிடம் பேசும்போது, கடைசி வீட்டு ஆயா. அன்றைக்குப் பெரியம்மா ஆகிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். எல்லாரும் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்றார்கள். வெயிலில் நடந்து வந்தவர்கள் அத்தனை பேரும் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தார்களாம்.

எனக்கு இது புதிது இல்லை. மறுபடி அவர்கள் வந்தபோது கடையில் மூடி போட்ட கலர் பாட்டில் வாங்கி வைத்திருந்தேன். அதைக் குடித்தார்கள். மூடியை அவர்களே திருகித் திறந்தார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் யோசிக்கவில்லை என்றேன். மறுபடி வந்தார்கள். வாத்தியார் சாயங்கால நடைக்குப் போகிற வழியில் கேட்டில் நின்று என் மூட்டுவலியை விசாரித்தார். எதிர் வீட்டு அம்மா என் முருங்கையில் கீரை ஒடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு ஒடித்துப் போனாள். மேட்டு வீட்டில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் என்று சாக்லேட் வந்தது. டேங்க் லாரிக்கு நாங்களே சொல்லி அள்ளிவிடுகிறோம், உனக்கெதற்கு லைன் என்று வாத்தியார் சொன்னார். நான் யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் கூடத்தைப் பெருக்கி, பாயை உதறி வைப்பேன். யாராவது வருவார்கள் என்று தெரியும். கூட்டத்துக்குத் தேதி வைக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

தேதி வைத்துவிட்டார்கள்.

அதற்கு முதல் நாள் சாயங்காலம் எதிர் வீட்டு அம்மா தனியாக வந்தாள். என் வீட்டுக் கீரையே போட்டுக் கேப்பை அடை சுட்டு, வாழையிலையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். சூடாக இருந்தது. அவள் முன்னாலேயே பிட்டுச் சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. பெண்ணுக்கு வந்திருக்கிற வரனைப் பற்றி, மாப்பிள்ளை வீட்டார் கூட்டேரிப்பட்டு என்பதைப் பற்றி, மாமியார்க்காரி எப்படிப்பட்டவளோ என்பதைப் பற்றி எல்லாம் சொன்னாள். அத்தனையும் நிஜமான பேச்சு. ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்கு மனது இளகிவிட்டது. போனால் போகிறது, இருக்கிற கொஞ்ச காலத்துக்கு எனக்கு எதற்கு லைன் என்று தோன்றிவிட்டது. எழுந்துபோய் டீ போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன். நல்ல எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அவள் கையில் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டாள். பேசிக்கொண்டே இருந்தாள். டம்ளர் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போனது, வாய்க்குப் போகவில்லை. ஆறுது பார் என்றேன்.

"நா டீய வுட்டுட்டேன் பெரிம்மா. டாக்டரு சொல்லிட்டாரு."

தினமும் சாயங்காலம் அவள் கேட்டில் சாய்ந்துகொண்டு டீ குடிக்கிறதை என் ஜன்னலிலிருந்து பார்க்கிறவள் நான். எனக்கு இருக்கிற வேலையே ஜன்னலில் உட்காருவதுதானே. முந்தின நாளும் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள். நாளைக்குப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். டீ ஆடை கட்டி நின்றது. அதை நானே குடித்தேன். பாலும் இஞ்சியும் போட்டது, எதற்குக் கீழே கொட்டுவது?

மறுநாள் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். நகராட்சி ஆள் பேசினார், வாத்தியார் பேசினார், எல்லாரும் கைதட்டினார்கள். இன்ஜினியர் பெண் மூலையில் தன் படச்சுருளை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கேட்டார்கள். எழுந்தேன். மைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன்.

"எஞ்சுவரு ஓரமே போடுங்க. நாத்தம் வந்தா மொதல்ல எனக்குத்தான வரும். நா வேணான்னு சொல்லல. எனக்கு லைன் வேணும். இந்த வயசுல என்னால பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கினு இருக்க முடியாது."

பெண்ணிடம்கூடச் சொல்லாததை ஊர் நடுவில் சொல்லிவிட்டேன். யாரோ சிரித்தார்கள். பின் வரிசையில் வாத்தியார், "ஆயாவ எவனோ நல்லாத் தூண்டி வுட்டிருக்கான்" என்றார்.

"மழைதான் சார் தூண்டி வுட்டுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எதிர் வீட்டு அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது எல்லாரும் ஒரே தெருவுக்குத்தான் நடந்தோம். எனக்கு முன்னால் ஒரு கூட்டம் போனது, நான் பின்னால் போனேன். என் மூட்டு வலிக்கு மெதுவாகத்தான் நடக்க முடியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிணறு வெட்டினார்கள், தெருவைத் தோண்டிக் குழாய் பதித்தார்கள், மூடினார்கள். எல்லா வீட்டுக்கும் கனெக்‌ஷன் கொடுத்தார்கள், எனக்கும் கொடுத்தார்கள். நாற்றம் அவ்வளவாக இல்லை. மோட்டார் கிணற்றுக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது, பக்கத்தில் கட்டின பம்பு ரூமில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தானாக ஓடி நிற்கிறது. எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் கூட்டேரிப்பட்டு வரனே முடிந்தது. மேளச் சத்தம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன மழைக்கு என் வாசலில் தண்ணீர் நிற்கவில்லை. செருப்பு நனையாமல் கேட்டு வரை போய் நின்றேன். பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சரிம்மா, பஸ்ல வந்துக்கினு இருக்கேன், வூட்டுக்குப் போயி கூப்புடுறேன்" என்றாள். கூப்பிட்டாள், வேறு பேச்சு பேசினோம்.

இப்போதெல்லாம் காலையில் சுவர் ஓரம் மோட்டார் ஓடும்போது எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மேட்டு வீட்டில் குளிக்கிறார்கள், வாத்தியார் வீட்டில் துணி துவைக்கப் போட்டிருக்கிறார்கள் என்று படுத்தபடியே நினைத்துக்கொள்வேன். தீபாவளி அன்றைக்கு விடியுமுன்னே ஓட ஆரம்பித்தது, வெகுநேரம் நிற்கவே இல்லை. எதிர் வீட்டில் கல்யாணம் ஆன பெண்ணும் மாப்பிள்ளையும் தலைத் தீபாவளிக்கு வந்திருப்பார்கள், எல்லாரும் எண்ணெய் வைத்துத் தலை முழுகுகிறார்கள் என்று தெரிந்தது. நானும் எழுந்து வெந்நீர் போட்டேன்.